பங்களா தந்த வெள்ளிக் குழல்

சென்ற மாதம் நம் மேசைக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, அட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஒரு மாணவி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் முதற் பெண் அவர்தானாம். விடுதிச் செலவு, நூல், உடை, போக்குவரத்து என்று எண்ணிப் பார்த்தபோது வீட்டிலுள்ளோர் கண்கள் அலுமாரியின் மேற்றட்டில் இருந்த ஒரு கறுத்த பெட்டியின்மீது விழுந்திருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பது ஒரு வெள்ளிப் புல்லாங்குழல். பாட்டனார் பெரிய பங்களாவில் அப்புவாக வேலை பார்த்தவர். 1975-ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாவதற்குச் சிறிது காலம் முன்னர், சீமைக்குத் திரும்பிய துரை அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

தந்தையார் பட்டணத்து நகைக்கடையில் விசாரித்திருக்கிறார். நிறைக்கு விலை தருவதாகச் சொன்னார்கள். பாட்டியோ விற்கவே வேண்டாம் என்கிறார். “நிறைக்கு மேல் இதற்கு ஏதேனும் பெறுமதி உண்டா என்பதை எப்படி அறிவது?” என்பதே மாணவியின் கேள்வி.

நேர்மையான கேள்வி. இதற்கு மேசையில் இருந்துகொண்டு விடை எழுதுதல் முறையன்று என்று நமக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புகையிரதமேறி அட்டனில் இறங்கினோம்.

லயத்து இஸ்தோப்பில் பாய் விரித்துப் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். உள்ளே ஊதாநிறப் பட்டுத்துணி, ஓரங்களில் பூச்சி அரித்திருந்தது. மூன்று துண்டுகளாகக் குழல் படுத்திருந்தது. ஊதுதுளை உள்ள தலைப்பகுதி, மூடிகள் நிறைந்த நீண்ட நடுப்பகுதி, சிறிய அடிப்பகுதி. எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன.

“தொரை ராத்திரியில ஊதுனா பள்ளத்து லயம் வரைக்கும் கேக்குமாம் ஐயா. எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு,” என்றார் பாட்டி.

இத்தகைய பொருள்கள் மலைநாட்டு வீடுகளில் ஆங்காங்கே உண்டு. பங்களாவிலிருந்து வந்த சுவர்க்கடிகாரம், தேநீர்க் கிண்ணங்கள், கரண்டிகள், ஒரு பழைய கமரா. கொடுத்தவர் பெயர் மறந்துபோயிருக்கும், பொருள் மட்டும் நிற்கும். ஆகவே இந்த ஒரு குழலைப் பற்றி நாம் அறிந்துகொண்டதை விரிவாகவே எழுதுகிறோம். கரண்டி வைத்திருப்போருக்கும் இதிற் பாதி பயன்படும்.

முதலில் அந்தக் குழலின் பிறப்பைச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் குழல் மூங்கில். சிலப்பதிகார உரைகாரராகிய அடியார்க்குநல்லார் குழல் செய்தற்குரிய பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றைக் கூறி, அவற்றுள் மூங்கிலையே தலையாயதாக வைக்கிறார். உலோகக் குழல் நமக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும். ஆயினும் வெள்ளி அந்த வரிசையில் இல்லை. வெள்ளிக் குழல் ஐரோப்பாவில் வந்தது. அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குழல் என்றால் பெரும்பாலும் மரக்குழல்தான்.

மாற்றியவர் தியோபால்ட் பேம் என்னும் ஜெர்மானியர். 1794-இல் மியூனிக் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர். தாமும் அத்தொழிலைக் கற்றவர். பின்னர் அரசவையில் குழல் வாசிப்பவரானார். தட்டாரின் கையும் வித்துவானின் காதும் ஒருவரிடத்தே கூடுவது அரிது. 1832-இல் அவர் மூடிகளின் அமைப்பைப் புதுக்கினார். அதுவரை விரல் எட்டும் இடத்தில் துளையிட்டார்கள். அவரோ சுரம் எங்கே கேட்கிறதோ அங்கே துளையிட்டு, விரல் எட்டாத துளைகளை மூடிகளாலும் கம்பிகளாலும் விரலுக்கு அருகே கொண்டுவந்தார். அதோடு நில்லாமல் ஒலியியல் பயின்று, 1847-இல் குழலின் உள்வடிவத்தையே மாற்றினார். பழைய மரக்குழல் அடிப்புறம் செல்லச் செல்ல ஒடுங்கும். பேம் செய்த குழலிலோ உடல் சம உருளை, தலைப்பகுதி மட்டும் மேல்நோக்கி ஒடுங்கும். உள்விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர். வெள்ளித் தகட்டில் அவர் செய்த இந்த உருவமே இன்றுவரை பெரிய மாற்றமின்றி வழங்குகிறது. 1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அதற்கு உயர்ந்த பதக்கம் கிடைத்தது. பேம் 1881-இல் காலமானார்.

அந்த அமைப்பைச் செய்யும் உரிமையை லண்டனில் ரடால்-ரோஸ் நிறுவனமும் பாரிஸில் கொட்ஃப்ருவா-லோ நிறுவனமும் பெற்றன. பாரிஸ்காரர்களிடமிருந்து பிரிந்து 1855-இல் லூயி லோ என்பவர் தனிப்பட்டறை வைத்தார். லண்டன் நிறுவனம் பின்னர் ரடால்-கார்ட் என்று பெயர் மாறிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஹெய்ன்ஸ் 1888-இலும், பவெல் 1927-இலும் தொழில் தொடங்கினர். ஜப்பானில் முரமாட்சு 1923-இல் தொடங்கியவர். பழைய வெள்ளிக் குழல் ஒன்று கையிற் கிடைத்தால் அதன்மீது தேட வேண்டிய முதன்மையான பெயர்கள் இவை. இந்நாட்டில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலேயர் கொண்டுவந்தது ஆதலால் லண்டன் பெயர்களையே முதலில் எதிர்பார்க்கலாம்.

இடையே ஒன்று. ரிச்சர்ட் கார்ட் தமது புதிய விரலமைப்பை வெளியிட்டது 1867. அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். பேம் வெள்ளிக் குழல் செய்த 1847-இல் இம்மலைகளில் இருந்தது கோப்பி. நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்ததே 1885-இல். ஆகவே “நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய பங்களாச் சாமான்” என்று யாரேனும் தேயிலைத் தோட்டத்துப் பொருளைக் காட்டினால் சற்றே நிதானிப்பது நல்லது. கொண்டுவந்தவர் பழம்பொருளாகவே கொண்டுவந்திருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது.

இனி இஸ்தோப்புக்குத் திரும்புவோம்.

மாணவியின் தம்பி ஒரு போத்தல் மினுக்குத் திராவகத்தோடு ஆயத்தமாக நின்றான். நாம் வருகிறோம் என்று பளபளப்பாக்கி வைக்க எண்ணியவன், நல்லவேளையாகத் தொடங்கவில்லை. வாசகர்கள் இதை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும்: அடையாளம் காண்பதற்கு முன் எதையும் மினுக்கக் கூடாது. வெள்ளியின் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகத்தோடு அது சேர்வதால் உண்டாகும் மெல்லிய படலம். பொருளுக்குத் தீங்கில்லை. மினுக்கும் பசையோ ஒவ்வொரு முறையும் ஓர் இழை வெள்ளியைத் தேய்த்தெடுக்கிறது. நாம் தேடும் முத்திரைகள் மயிரிழை ஆழமே உள்ளவை. அவை தேய்ந்துபோனால் குழல் தன் பிறப்புச் சான்றிதழை இழந்துவிடும்.

உலர்ந்த பருத்தித் துணியால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துச் சாய்வான வெயிலிற் பார்த்தோம். நடுப்பகுதியின் மேல்முனையில் எழுத்துகள் தெரிந்தன. ரடால், கார்ட் அன் கோ, 23 பெர்னர்ஸ் தெரு, லண்டன். முகவரி சாதாரணச் செய்தியன்று. அந்நிறுவனம் 1878 வரை சாரிங் கிராஸ் என்னுமிடத்தில் இருந்தது, அதன் பின்னரே பெர்னர்ஸ் தெருவுக்குப் பெயர்ந்தது. ஆகவே குழல் 1878-க்கு முற்பட்டதன்று என்பது ஒரே நொடியில் தெளிவாயிற்று. பழம்பொருளில் பெயரைக் காட்டிலும் முகவரி உண்மை பேசும் என்பார்கள். பெயர் நூறாண்டு நிற்கும், கடை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து வெள்ளிதானா என்ற கேள்வி. இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். ஜெர்மன் சில்வர் என்று நாம் சொல்லும் உலோகத்தில் வெள்ளி அணுவளவும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது. அதன்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு 1840-இல் பர்மிங்காம் எல்கிங்டன் நிறுவனத்தார் உரிமை பெற்றார்கள். பங்களாக்களில் இருந்த தேநீர்ச் சாமான்களிற் பெரும்பங்கு இத்தகையதே. அவற்றின் அடியில் ஈ, பீ, என், எஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் நான்கு சிறு கேடயங்களுக்குள் தனித்தனியே பழைய பாணியில் பொறிக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு அரச முத்திரை போலவே தோன்றும். உண்மையில் அவை “நிக்கல் வெள்ளியின்மீது மின்முலாம்” என்பதன் முதலெழுத்துகளே. செய்தவர்கள் வேண்டுமென்றேதான் அப்படிப் பொறித்தார்களோ என்று நமக்கு ஓர் ஐயம் உண்டு.

உண்மையான ஆங்கில வெள்ளி முத்திரையில் எழுத்தைவிட விலங்கே முக்கியம். ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். 1544 முதல் வழங்கும் இந்தச் சிங்கம் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பது உறுதி. இதுவே ஸ்டெர்லிங் தரம். அருகே ஊர்க்குறி இருக்கும். சிறுத்தை முகம் லண்டனுக்கு, நங்கூரம் பர்மிங்காமுக்கு. மூன்றாவது, ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. நான்காவது, செய்தவரின் பெயரெழுத்து. இவற்றோடு ஓர் அரசியின் தலையும் இருந்தால் பொருள் 1890-க்கு முற்பட்டது என்று துணியலாம். வெள்ளிக்குத் தீர்வை செலுத்தியதற்கு அடையாளமாக 1784 முதல் 1890 வரை ஆள்பவரின் தலையைப் பொறித்தார்கள். தீர்வை போயிற்று, தலையும் போயிற்று. (1935-ஆம் ஆண்டு வெள்ளிவிழாவை ஒட்டி அரசனும் அரசியுமாக இரட்டைத் தலை பொறித்ததுண்டு. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பிரான்சுக் குழலானால் சிங்கம் இராது. தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவியின் முகம் இருக்கும். 1838 முதல் வழங்கும் முத்திரை அது. முதல் தரமானால் 950, இரண்டாந் தரமானால் 800. ஜெர்மன் குழலில் 1888 முதல் பிறையும் முடியும், பக்கத்தில் 800 என்பது போன்ற இலக்கமும் காணப்படும். அமெரிக்கர் இந்தச் சித்திர வேலையெல்லாம் செய்வதில்லை. ஸ்டெர்லிங் என்று சொல்லையே பொறித்துவிடுவார்கள்.

நம் குழலின் தலைப்பகுதியில் சிங்கம் இருந்தது. தேய்ந்திருந்தாலும் தூக்கிய கால் தெரிந்தது. சிறுத்தை முகம் இருந்தது. அரசியின் தலை இல்லை. ஆண்டெழுத்து ‘எச்’ என்னும் சிறிய எழுத்து. லண்டனில் இருபது எழுத்துகளை ஒரு சுற்றாக வைத்து, ஆண்டுதோறும் மே மாதத்தில் எழுத்தை மாற்றினார்கள். 1896-இல் சிறிய ‘ஏ’யில் தொடங்கிய சுற்றில் ‘எச்’ எட்டாவது. ஆக 1903-ஆம் ஆண்டு மே முதல் 1904 மே வரையுள்ள காலத்தில் இந்த வெள்ளி பரிசோதிக்கப்பட்டது. ஒரே எழுத்து வெவ்வேறு சுற்றுகளில் வருமாதலால் எழுத்தின் வடிவத்தையும், அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

மாணவி விரல்விட்டுக் கணக்கிட்டு, “நூற்றிருபது வருஷம்!” என்றார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பழமை வேறு, விலை வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நடுப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் சிங்கத்தைத் தேடினோம். கழற்றக்கூடிய ஒவ்வொரு துண்டிலும் முத்திரை இருத்தல் வேண்டும். தலை மட்டும் வெள்ளியாகவும் உடல் முலாமாகவும் அமைந்த குழல்கள் உண்டு. உடல் வெள்ளியாகவும் மூடிகள் ஜெர்மன் சில்வராகவும் அமைந்தவையும் உண்டு. அடிப்பகுதியில் முத்திரை தெளிவாயிருந்தது. நடுப்பகுதியில் இடது கை தாங்கும் இடம் மிகவும் தேய்ந்து ஒன்றும் புலப்படவில்லை. ஆனால் அந்தத் தேய்வே ஒரு சான்றாயிற்று. முலாம் பூசிய குழலானால் எழுபதாண்டு விரல்பட்ட இடத்தில் உள்ளே இருக்கும் மஞ்சள் சாயல் தலைகாட்டியிருக்கும். இங்கே தேய்ந்த இடமும் வெண்மையாகவே இருந்தது.

இதற்குள் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் வந்து சேர்ந்தார். மாணவர்களுக்குச் சுவையான பகுதி இதுதான். நம் ஆசிரியருக்கு முத்திரையில் நம்பிக்கை போதவில்லை. ஆர்க்கிமிடீசைக் கூப்பிடுவோம் என்றார். ஸ்டெர்லிங் வெள்ளி நீரைப்போலப் பத்து மடங்குக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 10.4 மடங்கு கனமானது. ஜெர்மன் சில்வர் எட்டரை மடங்குக்குச் சற்று மேல். பட்டணத்து நகைக்கடைக்கே தலைப்பகுதியை எடுத்துச் சென்றோம். கடைக்காரரும் ஆர்வத்தோடு தராசைத் தந்தார். தலைமுனையிலுள்ள மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் தக்கையை அகன்ற வாய்ப்பக்கமாகத் தள்ளி எடுத்தோம். குழாய் மேல்நோக்கி ஒடுங்குவதால் மறுபக்கம் தள்ளினால் தக்கை இறுகிவிடும். எஞ்சிய வெள்ளி 93 கிராம். நூலிற் கட்டி, காற்றுக் குமிழி ஒட்டாமல் நீரில் முழுவதும் அமிழ்த்தி நிறுத்தபோது 84 கிராம். குறைந்தது 9. தொண்ணூற்று மூன்றை ஒன்பதால் வகுத்தால் 10.3. ஜெர்மன் சில்வராயிருந்தால் பத்தே முக்கால் கிராம் அளவில் குறைந்திருக்கும்.

நடுப்பகுதியை இவ்வாறு ஒருபோதும் நீரில் இடக்கூடாது. மூடிகளின் கீழே மென்கம்பளத்தை மெல்லிய தோலால் போர்த்த சிறு மெத்தைகள் உண்டு, கம்பிகளின் அருகே ஊசி போன்ற உருக்கு வில்கள் உண்டு. நீர் பட்டால் ஒன்று ஊறும், மற்றது துருவேறும். உரைகல்லும் அமிலமும் வேண்டாம் என்றோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “அந்தச் சிங்கத்துக்கு மேல நான் என்னங்க ஐயா உரைச்சுப் பாக்குறது? வெள்ளின்னு நான் அன்னைக்கே சொன்னேனே. எனக்கு அது வெள்ளி, அவ்வளவுதான்,” என்றார்.

அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை. அவரிடம் குழலுக்குச் சந்தை கிடையாது, வெள்ளிக்கு உண்டு. மூன்று துண்டுகளும் சேர்ந்து 380 கிராம் அளவு. வில், தக்கை, மெத்தை ஆகியவற்றுக்குக் கழிவு போக மிச்சத்துக்கு அன்றைய விலை. அதுதான் அடித்தள விலை. எவ்வளவு காத்திருந்தாலும் அந்த வாயில் அடைபடாது. உருக்கியதைத் திரும்பக் குழலாக்கத்தான் எவராலும் முடியாது.

இவ்விடத்தில் ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியவில்லை. மேற்குறித்த லூயி லோ 1869-இல் முழுவதும் தங்கத்தால் ஒரு குழல் செய்தார். இந்நாட்டுக் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதலாகக் காணப்பட்ட ஆண்டும் அதுவே. அந்தத் தங்கக் குழல் காலப்போக்கில் எங்கோ மறைந்துபோயிற்று. 1948-இல் பாரிஸில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் அது வெளிப்பட்டது. அவருக்கு அது இன்னதென்று தெரியாது. பொன்னின் நிறைக்காக உருக்கிவிட எண்ணியிருந்தார். அப்போது இருபத்தாறு வயதினரான ழான் பியர் ராம்பால் என்ற குழல் வித்துவான் அதைக் கண்டார். கையில் பணமில்லை. குடும்பத்தாரின் உதவியோடு பணம் திரட்டி மீட்டார். அடுத்த ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவர் உலகமெங்கும் வாசித்ததும் இசைத்தட்டுகளிற் பதிந்ததும் அந்தக் குழலில்தான். சில நாள் பிந்தியிருந்தால் யாரோ ஒருவர் கையில் வளையலாகியிருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு நம் மாணவியின் தம்பி, “அப்ப இதுவும் கோடிக்குப் போகுமா சார்?” என்று ஆசிரியரைக் கேட்டான். அந்த ஆசையை அப்படியே விட்டுவிடுவது நேர்மையாகாது. எல்லாப் பழங்குழலும் லூயி லோ ஆகிவிடாது. நம் குழலிலே ஒரு பெருங்குறை இருந்தது. அதைக் கண்டறிந்தவர் நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு மேலைச் சங்கீத ஆசிரியை.

அவர் தமது புதிய குழலைக் கொண்டுவந்து பழையதன் அருகே கிடத்தினார். ஊதுதுளைகளை நேராக்கிப் பார்த்தால், பழையதன் ஒவ்வொரு மூடியும் சிறிது சிறிதாக மேலே ஏறி, அடிமுனை ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுக்குக் குட்டையாக நின்றது. காரணம் சுருதி. இன்று உலகெங்கும் வாத்தியங்கள் ‘ஏ’ என்னும் சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்று கூட்டப்படுகின்றன. 1939-இல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஏற்றுக்கொண்ட அளவு அது. அதற்கு முன் நாட்டுக்கு ஒரு சுருதி. பிரான்சு 1859-இல் 435 என்று சட்டமாக்கியது. இங்கிலாந்திலோ 452 வரை ஏறிப்போயிருந்தது. 1896-இல் லண்டன் பில்ஹார்மோனிக் சங்கம் 439-க்கு இறங்கிய பிறகும், இராணுவ வாத்தியக் குழுவினர் 1920-களின் இறுதி வரை பழைய உச்சச் சுருதியைக் கைவிடவில்லை. இடைப்பட்ட முப்பதாண்டுகளிலும் லண்டன் பட்டறைகள் இரண்டு அளவிலும் குழல் செய்தன. துரையின் குழல் உச்சச் சுருதிக்காரர்.

விரல்களையெல்லாம் எடுத்துவிட்டு ஆசிரியை மெல்ல ஊதினார். மெத்தைகள் பழுதாகியிருந்தாலும் அந்த ஒரு சுரம் எழுந்தது. கேட்டவுடன் பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கைபேசிச் செயலியின் முள், ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதி கூடுதலாகக் காட்டிற்று. தலைப்பகுதியைச் சற்று வெளியே இழுத்தால் சுருதி இறங்காதோ என்று கேட்டோம். இறங்கும், ஆனால் துளைகளுக்கு இடையிலுள்ள தூரம் இறங்காதே! மேற்சுரங்கள் அதிகமாகவும் கீழ்ச்சுரங்கள் குறைவாகவும் இறங்கி, ஒன்றோடொன்று ஒவ்வாமற் போகும். ஆகவே இன்றைய பியானோவோடோ வாத்தியக் குழுவோடோ இக்குழல் சேர்ந்து வாசிக்காது. தனியே வாசிக்கலாம்.

மலைநாட்டு வாசகர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. நுவரெலியாவின் குளிரும் சுருதியைக் கீழே இழுக்கும். வெப்பம் குறைந்தால் காற்றில் ஒலி செல்லும் வேகம் குறைகிறது. 20 பாகையில் 440 காட்டும் குழல், 16 பாகைக் காற்றில் 437 அளவே காட்டும். வாசிப்பவரின் மூச்சு குழலைச் சூடாக்குவதால் உண்மையிற் குறைவது இதனினும் சிறிதே. உயரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, குளிருக்கே தொடர்பு. விடியற்காலையில் அளந்துவிட்டு “நம் குழல் சுருதி இறங்கியது” என்று முடிவுகட்டலாகாது. நம் ஆசிரியை நண்பகலில்தான் அளந்தார்.

தம்பிக்கு இன்னோர் ஆசை. கோவிலில் பாடும் பாட்டுகளை இதில் வாசிக்கலாகாதா என்றான். நம் சங்கீதத்தின் உயிர் கமகம். மூங்கிற் குழலில் விரல் துளையின்மீதே உருண்டு, பாதி மூடி, பாதி திறந்து சுரத்தை அசைக்கிறது. பேம் குழலில் விரல் தொடுவது மூடியை, துளையையன்று. மூடி திறக்கும் அல்லது மூடும், நடுவே நிற்பது கடினம். பிரான்சு நாட்டுக் குழல்களில் சில மூடிகளுக்கு நடுவே துளையிருப்பதால் ஓரளவு வழுக்கிச் செல்ல இயலும். இதில் அதுவும் இல்லை. பாலகன் முகம் வாடிவிட்டது. ஒரு மூங்கிற் குழல் வாங்கிக் கொடுங்கள் என்று தந்தையாரிடம் சொன்னோம். விலையும் குறைவு, நாதமும் நமது.

வெள்ளியாதலால் நாதம் இனிது என்று பலர் நம்புகிறார்கள். பேம் அவர்களே பொருளுக்குத் தக நாதம் வேறுபடும் என்று கருதினார். 1971-இல் ஜோன் கோல்ட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி வெள்ளி, செம்பு, மரம் ஆகிய மூன்றிலும் ஒரே உள்ளளவில் குழல் செய்து, திரைக்குப் பின்னே ஊதச் செய்து சோதித்தார். கேட்டவர்களால் எது எது என்று வேறுபடுத்த முடியவில்லை. நாதம் குழாய்க்குள் இருக்கும் காற்றிலும், ஊதுதுளையின் விளிம்பிலும், ஊதுபவரின் உதட்டிலும் இருக்கிறது. ஆகவேதான் பழங்குழல் வாங்குபவர் தலைப்பகுதியை அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார். ஊதுதுளை விளிம்பை யாரேனும் பிற்காலத்தில் அராவி மாற்றியிருந்தால் பெறுமதி சரியும். நல்லவேளை, நம் குழலில் அது தொடப்படவில்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எங்கே நிற்கிறோம்? நல்ல பட்டறை, முத்திரையுள்ள வெள்ளி, 1903–04 என்னும் தெளிவான காலம், மாற்றப்படாத தலை, சொந்தப் பெட்டி. இவை ஒரு பக்கம். உச்சச் சுருதி, பழுதான மெத்தைகள், நடுப்பகுதியில் ஒரு சிறு நசுங்கல் ஆகியவை மறுபக்கம். வாசிப்பவர் இதை விரும்பி வாங்கார். சேகரிப்பவர் வாங்கலாம். உருக்கு விலைக்கு மேல் கிடைக்கும் என்றே கொழும்பில் நமக்குத் தெரிந்த ஒரு குழல் வித்துவானும் படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார். எத்தனை மடங்கு என்று அவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லப்போவதில்லை. மெத்தை மாற்றிப் பழுது பார்த்து விற்கலாமே என்று தந்தையார் கேட்டதற்கு, வேண்டாம் என்பதே அவர் மறுமொழி. அந்தச் செலவு திரும்பி வராதென்றும், சேகரிப்போர் கைபடாததையே விரும்புவரென்றும் காரணம் கூறினார்.

இன்னுமொரு வழி இருக்கிறது. ரடால்-கார்ட் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் லண்டனிலுள்ள ஹார்னிமன் நூதனசாலையில் பாதுகாக்கப்படுகின்றன. குழலில் பொறித்த தொடரிலக்கத்தை வைத்து, அது எந்த நாளில் எவருக்கு விற்கப்பட்டது என்பதைப் பலவேளைகளில் அறிய முடிகிறது. முதலில் வாங்கியவர் பெயர் கிடைத்துவிட்டால் குழலுக்கு ஒரு வரலாறு கிடைக்கும். வரலாறுள்ள பொருளும் வரலாறற்ற பொருளும் ஏலத்தில் ஒரே விலை போவதில்லை. மாணவி அங்கேயே ஒரு தாளில் இலக்கத்தை எழுதிக்கொண்டு, ஆங்கிலத்தில் கடிதம் வரைந்தார். இரண்டிடங்களில் மாத்திரம் திருத்தினோம்.

தந்தையார் நெடுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பதில் வர ரெண்டு மாசம் ஆகுமேங்க ஐயா. இது பதினஞ்சு நாள்ல காம்பஸுக்குப் போகணும்,” என்றார். இதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. வெள்ளியின் அடித்தள விலை காத்திருக்கும் என்று நாம் சொன்னது உண்மை. கல்லூரி காத்திராது என்பதும் உண்மை.

விடை உள்ளிருந்து வந்தது. பாட்டி எழுந்து சென்று, லயத்துப் பெண்கள் பிடிக்கும் சீட்டுக் கொப்பியை எடுத்து வந்தார். அடுத்த மாதம் அவர் முறையாம். இம்மாதம் எடுக்க இருப்பவளிடம் கேட்டு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். “அவ மாட்டேன்னா பாத்துக்கலாம். மொதல்ல கேட்டுட்டு வர்றேன். நீ பெட்டிய மூடு,” என்று மகனிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு மேல் லயத்துக்குப் புறப்பட்டார்.

பெட்டியை மூடுமுன் ஒரு காரியம் செய்தோம். குழலைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளையும், துண்டுகளைக் கட்டியிருந்த இறப்பர் வளையத்தையும் அகற்றினோம். இரண்டிலும் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுப்பாக்குபவை அவையே. சலவை செய்த பருத்தித் துணியிற் பொதிந்து வைத்தோம். செய்தித்தாள் நம்முடையதே என்பதைக் கண்டு சிறிது நாணினோம்.

நாம் புகையிரதம் ஏறுவதற்குள் மாணவியிடமிருந்து கைபேசியிற் செய்தி வந்தது. மேல் லயத்துக்காரி சம்மதித்துவிட்டாளாம். லண்டன் கடிதம் திங்கட்கிழமை தபாலிற் சேர்ந்தது. பதில் வந்தால் இப்பகுதியில் அறிவிப்போம்.

வரும் வாரம், பண்டாரவளை வாசகர் ஒருவர் அனுப்பியுள்ள சுவர்க்கடிகாரத்தின் படத்தைப் பார்ப்போம். அதன் முகப்பில் பெயர் இல்லை, முகவரி மட்டும் இருக்கிறது.